இறக்கத்தில் கியரை எடுக்காதே

கரவனெல்ல
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மருமகனுக்கு,

மூன்று நாளாக மழை விடவில்லை, களனி கங்கை கலங்கலாக ஓடுகிறது.

நேற்று உன் அம்மா கோல் எடுத்தாள். நீ டிரக்டரும் அதற்குப் பின்னால் கட்டும் பெட்டியும் வாங்கி தேயிலைக் கொழுந்து ஏற்றும் கொந்தரப்பு பிடித்ததைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். வைக்கும்போது, "இறக்கத்தில எல்லாம் நியூட்ரல்ல விட்டு எண்ணெய் மிச்சம் பிடிக்கிறானாம், கெட்டிக்காரன்" என்றாள். அவளுக்குப் பெருமை. எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உயிரைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் உன் காசுக் கணக்கு. நியூட்ரலில் விட்டாலும் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டுதான் இருக்கும். உன் மெஸி டிரக்டரில் இருப்பது மாதிரி மூன்று சிலிண்டர் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு ஒரு லீட்டருக்குக் கிட்டப் போகும். கியரில் விட்டு எக்சிலேட்டரை விட்டுப் பார். அப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் வேகம் நீ வைத்த அளவைத் தாண்டியதும் பம்பில் இருக்கிற கவர்னர் டீசலை அடைத்துவிடும். நீ மிச்சம் பிடிப்பதாக நினைக்கிற இடத்தில்தான் செலவழிக்கிறாய். ஒன்று மட்டும், கை த்ரொட்டிலையும் முழுக்கக் குறைத்திருக்க வேண்டும். அதை மறந்துவிட்டுக் காலை மட்டும் எடுத்தால் பிரயோசனமில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உன் வயதில் லொறி ஓட்டினேன். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல பக்கம் இறங்கும்போது நானும் உன்னைப் போல கெட்டிக்காரன். இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் லைனிங் கருகிய வாசம் வந்தது. மூன்றாவது வளைவில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. கியர் போடப் பார்த்தேன், அந்த வேகத்தில் விழுமா? உள்பக்கம் மண்மேடு இருந்ததால் அதில் மோதி நிறுத்தினேன். மற்றப் பக்கம் என்ன இருந்தது என்று உனக்கே தெரியும். உன் அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது, நீயும் சொல்லாதே.

லொறிக்காவது எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருந்தது. உன் பெட்டிக்கு பிரேக் இருக்கிறதா? இல்லையென்றால் இறக்கத்தில் அதுதான் உன்னைத் தள்ளும். பாரத்தோடு தள்ளினால் டிரக்டர் குறுக்கே மடங்கிவிடும். டிரக்டரில் இடது பிரேக், வலது பிரேக் இரண்டையும் சேர்க்கும் கொக்கி ஒன்று இருக்கும். வயலில்தான் அதைக் கழற்றி வைப்பார்கள். நீ ரோட்டில் ஏறுமுன் மாட்டிவிடு. அதே பாரத்தோடு எந்தக் கியரில் ஏறுவாயோ அதற்கு மேலான கியரில் இறங்காதே. கியரை மேட்டின் தலையிலேயே போட்டுவிடு, பாதி இறக்கத்தில் தேடாதே.

அப்படியானால் எண்ணெய் எங்கே மிச்சமாகும்? ஏற்றத்தில். டிரக்டர், பெட்டி, பாரம் எல்லாம் சேர்ந்து 5 டன் என்று வை. அதை 200 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய ஒரு லீட்டர் டீசல் வேண்டும். ரோட்டில் உருளுவதற்கு ஆகும் செலவு தனி. உங்கள் தேயிலை ஸ்டோர் கீழே இருக்கிறது என்று அம்மா சொன்னாள். பிறகேன் கீழ்மலைக் கொழுந்தை முதலில் ஏற்றிக்கொண்டு மேல்மலைக்குப் போகிறாய்? கீழே கிடந்த கொழுந்தை மேலே தூக்கிக்கொண்டு போய், மறுபடி கீழே கொண்டுவருகிறாய். வெறும் பெட்டியோடு மேலே போ, இறங்கி வரும்போது ஏற்று. கங்காணியிடம் பேசி, மேல்மலையில் முதலில் நிறுக்கச் சொல்லு. மழைநாளில் சாக்கில் நிற்கிற தண்ணீரை வடியவிட்டு ஏற்று, தண்ணீரைச் சுமந்தால் யாரும் கூலி தரமாட்டார்கள். கடைக்கு பால்மாவு வாங்கப் போகிறபோது பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. நடந்து போனால் இன்னும் நல்லது.

முந்தி தோட்டங்களில் மேல்மலையிலிருந்து கம்பி கட்டி கொழுந்து மூட்டைகளைக் கீழே ஸ்டோருக்கு இறக்கினார்கள், பாரமே தன்னை இறக்கிக்கொண்டது. இந்தக் கரவனெல்ல வழியாக யட்டியாந்தோட்டைக்கு ரயில்கூட ஓடியது, இரண்டரை அடி அகலப் பாதையில். 1942இல், யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இரும்புமேல் இரும்பு உருளும்போது ரப்பர் டயரைவிடப் பல மடங்கு லேசாக உருளும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, டயர்தான். அதனால் காலையில் வண்டி எடுக்குமுன், டயர் சூடாகுமுன், காற்றைப் பார். பெட்டி டயரை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் தளர்ந்து கிடந்து எண்ணெயைத் தின்னும். ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையை மெதுவாக வைத்துப் பார். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பெயாரிங் இறுகியிருக்கும் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். கறுப்புப் புகை போனால் எயார் கிளீனரைச் சுத்தம் செய், அந்தப் புகை நீ காசு கொடுத்து வாங்கிய டீசல்.

அவுஸ்திரேலியாவில் இருக்கிற உன் சின்ன மாமா கார் பின்னால் கரவன் கட்டி ஊர் சுற்றுகிறார். கரவன் கட்டினால் எண்ணெய் இரட்டிப்பாகப் போகிறது என்று புலம்புகிறார். அவருக்கு எதிரி காற்று. 80இல் போகிறவர் 100க்குக் கூட்டினால் காற்றின் தடை ஒன்றரை மடங்காகிவிடும், வேகத்தைக் குறைத்தாலே அவர் தப்பிவிடுவார். நீ 20, 30இல் போகிறவன், உன்னைக் காற்று ஒன்றும் செய்யாது. உனக்கு எதிரி மலையும் பாரமும். அவர் சொல்வதைக் கேட்டு, காற்றுத் தடையைக் குறைக்கப் பெட்டிக்குமேல் தகரம் வளைக்கிறேன் என்று காசைக் கொட்டாதே.

2022 எண்ணெய்த் தட்டுப்பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். வருஷத் தொடக்கத்தில் 121 ரூபாய்க்கு அடித்த டீசல் ஜூன் கடைசியில் 460 ஆனது. நம் மாவட்டத்திலேயே ரம்புக்கனையில், ஏப்ரல் 19ஆம் திகதி, எண்ணெய்ப் பிரச்சினையில் ரோட்டை மறித்தவர்கள்மேல் பொலிஸ் சுட்டு ஒருவர் செத்தார். பிறகு கியூஆர் முறையில் எண்ணெய் பங்கிட்டபோது வாரத்துக்கு லொறிக்கு 50 லீட்டர், டிரக்டருக்கு 15, த்ரீவீலுக்கு 5. அப்போதுதான் நான் கொப்பி போட்டு எழுதத் தொடங்கினேன். டாங்கியை வாய் வரைக்கும் நிரப்பு, ஒரு வாரம் ஓட்டு, மறுபடி வாய் வரைக்கும் நிரப்பு. எத்தனை லீட்டர் பிடித்தது, எத்தனை நடை, எத்தனை கிலோ கொழுந்து, மூன்றையும் எழுது. ஒரு லீட்டருக்கு எத்தனை கிலோ இறக்கினாய் என்று பார். கிலோமீட்டர் கணக்கு காருக்குத்தான் சரி.

நான் சொன்னபடி நான்கு வாரம் ஓட்டிப் பார். லீசிங் காசு கட்டுகிற நாளுக்கு முதல் ஞாயிறு இங்கே வா, அத்தை ரொட்டி சுட்டு வைப்பாள். கொப்பியைக் கொண்டுவா. வரும்போது பஸ்ஸில் வா.

அன்புடன்,
மாமா