பெயர் வைத்தவர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடுகிறவனுக்குத்தான் கைதட்டல். தடுக்கிறவனை யார் கவனிக்கிறார்கள்? டீக்கன் ஜோன்ஸ் கவனிக்க வைத்தார். 1961-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் குழு அவரைப் பொறுக்கியது 14-வது சுற்றில்; அதாவது, மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு. எதிரணித் தலைவன் பந்தை எறியுமுன் அவனைக் கீழே சாய்ப்பது ஜோன்ஸின் வேலை. நகரைச் சூறையாடுவதைக் குறிக்கும் ‘ஸாக்’ என்ற சொல்லை அதற்குச் சூட்டிய புகழும் அவருக்கே.

1974-ல் ஓய்வு பெற்றார். சங்கத்தார் ஸாக்கை எண்ணத் தொடங்கியதோ 1982-ல்! பழைய ஆட்டங்களை அலசியவர்கள் 173½ என்கிறார்கள். அதிகாரபூர்வமான பேரேட்டில் அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. 2013-ல் காலமானார்.

சொற்களோடு மல்லாடிப் பிழைக்கும் எனக்கு இதில் வருத்தமில்லை. எவன் யாரைச் சாய்த்தாலும், வர்ணனையாளர் வாயில் வருவது ஜோன்ஸின் சொல்தானே?