ஊட்டிக் குளிரும் ஓர் இரும்பு அடுப்பும்

ஊட்டிக்குப் போனா என்ன பார்ப்பீங்க? ஏரி, பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா, கடைசியில் கையில் ஒரு வர்க்கி பாக்கெட். நாங்களும் அப்படித்தான். ஆனா இந்தக் கட்டுரை அதைப் பத்தி இல்லை. இது ஒரு புகைபோக்கியைப் பத்தின கதை.

ஊட்டிக்குள் நுழைந்ததும் கூரைகளைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. பழைய வீடுகள் எல்லாவற்றிலும் செங்கல் புகைபோக்கி நிற்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தையில் புல்வெளி முழுக்க உறைபனி. வெள்ளைக்காரர்கள் இங்கே வீடு கட்டியபோது, தங்கள் ஊர்ப் பழக்கப்படி அறைக்கு அறை கணப்பு வைத்துக் கட்டினார்கள். கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்ட ஆரம்பித்த 'ஸ்டோன் ஹவுஸ்'தான் ஊட்டியின் முதல் பங்களா. அது இன்றைக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. என்ன கொடுத்து வைத்த ஸ்டூடண்ட்ஸ் பாருங்க!

என் ரூம்மேட் ஊட்டிக்காரன். அவன் தாத்தா வாங்கிய வீடும் அந்தக் காலத்து வீடுதான். பலகைத் தரை, உயரமான கூரை, ஹாலில் சினிமாவில் வருகிற மாதிரி ஒரு ஃபயர் பிளேஸ். டிசம்பர் லீவுக்குக் கோவையிலிருந்து பஸ் ஏறினோம். பர்லியாறில் டீ குடிக்கும்போதே எனக்கு ஒரே கனவு. ராத்திரி கணப்பு முன்னாடி உட்கார்ந்து கதை பேசணும்!

போய்ப் பார்த்தா கணப்பில் ஒரு பிளாஸ்டிக் பூ ஜாடி இருந்தது.

"அது எரிச்சு இருபது வருஷம் ஆச்சு தம்பி. விறகுதான் போகும், குளிர் போகாது" என்றார் தாத்தா.

அவர் சொன்னது நிஜம். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் நின்றாலே அதிகம். மீதி நேராகப் புகைபோக்கி வழியாக வானத்துக்கு. அது மட்டுமா? அறையில் இருக்கிற வெதுவெதுப்பான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகக் குளிர் காற்று உள்ளே வரும். முகம் வேகும், முதுகு நடுங்கும்!

சித்தப்பா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம், கணப்புக்குள் ஓர் இரும்பு அடுப்பு பொருத்திவிடலாம் என்று. "வீட்டுக்குள்ள என்ன கொல்லன் பட்டறையா?" என்று தாத்தா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி ஹாலில் படுத்த எங்களுக்குக் குளிர் தாங்கவில்லை. "மச்சி, கரிச்சட்டியைக் கொண்டாந்து ஃபயர் பிளேஸ்லயே வெச்சிடுவோம்டா. புகை எல்லாம் மேல போயிடும்" என்றான் நண்பன். சூப்பர் ஐடியா! கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ரக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினோம்.

நடு ராத்திரியில் விழிப்பு வந்தது. தலைக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி வலி. எழுந்தால் கால் நிற்கவில்லை. தடுமாறிச் சொம்புத் தண்ணியின் மேல் விழுந்தேன். அந்தச் சத்தம்தான் எங்களைக் காப்பாற்றியது. தாத்தா ஓடி வந்து கதவைத் திறந்தார். எத்தனை தடவை கூப்பிட்டும் நண்பன் எழவில்லை. அவனை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விடியும்வரை இரண்டு பேர் மூக்கிலும் ஆக்ஸிஜன்.

கார்பன் மோனாக்சைடு. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படித்து மார்க் வாங்கியிருக்கிறோம்! நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கரியில் கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லையே என்று நாம் நிம்மதியாகத் தூங்குவோம். அதுதான் ஆபத்து.

சரி, புகைபோக்கி என்ன ஆச்சு? மறுநாள் தாத்தா கணப்புக்குள் குனிந்து கையை மேலே விட்டார். ஒரு சாக்கு மூட்டை வந்தது. குளிர் இறங்காமல் இருக்க எப்போதோ அவரே அடைத்து வைத்தது. மறந்தே போயிருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "சித்தப்பாவுக்கு போனைப் போடுடா" என்றார்.

பொங்கல் லீவுக்கு மறுபடி மலை ஏறினேன். இந்தத் தடவை எடுபிடியாக!

கண்ணாடிக் கதவு வைத்த கறுப்பு அடுப்பு ஹாலில் உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி அண்ணன் முதலில் அதைத் தொடவே இல்லை. புகைபோக்கியைத்தான் பார்த்தார். உள்ளே மைனாக் கூடு, ஒரு கூடை சுள்ளி, அரை மூட்டைக் கரி. எல்லாம் சுத்தம் செய்தபின் கீழே புகை போட்டு, எங்கேயாவது விரிசல் வழியாகக் கசிகிறதா என்று பரண் வரை ஏறிப் பார்த்தார்.

"அடுப்பை வெச்சுட்டா போதாதாண்ணே?" என்று கேட்டேன்.

"தம்பி, இந்தப் புகைபோக்கி அகலத்துக்கு நீயே உள்ள ஏறிப் போலாம். சின்ன அடுப்புப் புகை இதுக்குள்ள போனா பாதியிலயே ஆறிடும். ஆறினா மேல ஏறாது. தார் மாதிரி சுவர்ல படியும். ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும்."

அதனால் அடுப்பிலிருந்து கூரை உச்சி வரைக்கும் ஆறு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், வளைகிற மாதிரி. மேலேயிருந்து கயிறு கட்டி மேஸ்திரி இறக்க, கீழேயிருந்து நான் இழுக்க, தலை முழுக்கக் கரி! குழாயைச் சுற்றி இருக்கிற இடைவெளியை வெல்டர் அண்ணன் இரும்புத் தகடு வைத்து மூடினார். இல்லாவிட்டால் சூடு மறுபடி மேலே ஓடிவிடும். உச்சியில் மழையும் மைனாவும் நுழையாதபடி வலை வைத்த தொப்பி. பலகைத் தரையில் பொறி விழாமல் அடுப்புக்கு முன்னால் ஒன்றரை அடிக்குக் கருங்கல் பலகை. கடைசியாகச் சுவரில் ஒரு சின்ன வெள்ளை டப்பா. கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்துகிற அலாரம். அதை மாட்டியது தாத்தா.

இந்த யோசனை புதுசு இல்லை. கணப்புக்குள் இரும்பு அடுப்பு வைத்துச் சூட்டைப் பிடிக்கலாம் என்று அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1744-லேயே சின்னப் புத்தகம் போட்டார். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று காப்புரிமைகூட வாங்கவில்லை. இன்றைய நல்ல அடுப்புகள் விறகின் சூட்டில் சுமார் 70 சதவீதத்தை அறைக்கே கொடுக்கின்றன.

நீலகிரிக்கு இது முக்கியம். விறகுக்காகத்தான் இங்கே எத்தனையோ சோலைக் காடுகளை வெட்டினார்கள். அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவைதான் கற்பூர மரமும் சீகை மரமும். அந்தச் சீகை இன்று புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டை குறைவாக எரிந்தாலும் மலைக்கு லாபம்தானே?

முதல் நாள் ஜன்னலைத் திறந்து வைத்துச் சின்னத் தீயாகப் போட்டோம், புது பெயிண்ட் நாற்றம் போகட்டும் என்று. இரண்டாம் நாள் ஒரு வருஷம் காய்ந்த சீகைக் கட்டை மூன்றே மூன்று. அரை மணி நேரத்தில் ஹால் கதகதவென்று ஆகிவிட்டது. முட்டி வலியோடு ராத்திரியெல்லாம் முனகுகிற பாட்டி, சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

தாத்தா மட்டும் தூங்கவில்லை. தூங்கப் போகுமுன் வெளியே போய் டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்தார். வருஷம் ஒரு தடவை குழாயைச் சுத்தம் செய்யணும் என்று காலண்டரில் இப்போதே எழுதி வைத்துவிட்டார்.

"என்ன தாத்தா பாக்கறீங்க?"

"புகை வெளிய போகுதான்னு பாக்கறேன் தம்பி."

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த தடவை ஊட்டியோ கொடைக்கானலோ போகும்போது, குளிருக்கு இதமாக ரூமில் கரிச்சட்டி வைக்கட்டுமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு கம்பளி கேளுங்க. நண்பன் இன்று என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படித்துச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்!