கைப்பேசிக் கணக்கும் மேஸ்திரி கண்ணும்

சாலை, பாலம், அணை, கொதிகலன் நிறுவுதல் முதலிய வெளியிடப் பெருவேலைகளை நடத்துதற்கென்று இந்நாளில் மென்பொருள்கள் பல வந்துள்ளன. எவ்வேலை எந்நாளில் தொடங்கும், எது முடிந்தபின் எதனைத் தொடலாம், எத்தனை மூட்டை சிமெண்டு செலவாயிற்று என்பனவெல்லாம் அவை கணக்கிட்டுரைக்கும். இவை இருக்கத் தேர்ந்த கண்டிராக்டர் எதற்கு என்பாரும், கண்டிராக்டர் தேர்ந்தவராயின் இவை எதற்கு என்பாரும் உளர். நம் விடுதியிலும் ஓரிரவு இவ்வழக்கு நெடுநேரம் நடந்தது. திருவெறும்பூர்க் கொதிகலன் தொழிற்சாலையைச் சார்ந்த குடும்பத்து நண்பர்கள் மென்பொருளின் பக்கமே நின்றனர்.

இக்கணக்கு நேற்றுப் பிறந்ததன்று. 1957-இல் அமெரிக்க நாட்டு டூபாண்ட் கம்பெனியார் தம் தொழிற்சாலை வேலைகளுக்காக ஒரு முறையை வகுக்கத் தலைப்பட்டனர். ஒரு பெருவேலையுள் அடங்கிய சிறுவேலைகளில் எவை ஒருநாள் பிந்தினால் முழுவேலையும் ஒருநாள் பிந்துமோ, அவற்றைத் தொடராகப் பிரித்துக் காட்டுவதே அதன் சாரம். மறு ஆண்டே அந்நாட்டுக் கடற்படையினர் பொலாரிஸ் ஏவுகணை வேலைக்கு அதனையொத்த ஒன்றைக் கண்டனர். இக்காலத்து மென்பொருள்கள் பலவற்றின் அடியில் ஓடுவது அக்கணக்கே.

நம் நாட்டில் அது சிற்றூர் வரை வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையிட்ட கண்டிராக்டரே ஐந்தாண்டு அதனைப் பேணவும் வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனைக் கண்காணிக்க 'இ-மார்க்' என்னும் மென்பொருள் ஏற்பட்டது. பள்ளம் மூடினேன் என்று வாயாற் சொன்னாற் போதாது. இடக்குறி பதிந்த புகைப்படம் ஏற வேண்டும். பொறியாளர் பார்த்து மதிப்பிட வேண்டும். அதன் பின்னரே பணம்.

இவையெல்லாம் நன்றென்றே நாமும் எண்ணியிருந்தோம். சென்ற விடுமுறையிற் பச்சைமலைக்குப் போயிருந்தபோதுதான் வேறொன்று புலப்பட்டது. சோபனபுரத்தினின்று மலையேறி, டாப் செங்காட்டுப்பட்டியையும் கடந்து செல்லும் ஒரு கிளைச்சாலையில் தடுப்புச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மலையூரார்க்கு அச்சாலை அலங்காரமன்று. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி இறங்குவதும், பிரசவ வேதனையுற்றவள் துறையூர் ஆஸ்பத்திரிக்கு இறங்குவதும் அவ்வழியேதான். கண்டிராக்டரின் ஆள் கைப்பேசியிற் சுவரைப் படம் பிடித்தார். அவ்வளைவிற் சமிக்ஞை எட்டாமையால் மாலையிற் கீழிறங்கித்தான் அதனை ஏற்றுவாராம். திரையில் 'சுவர்' என்பதற்கு நேரே பச்சைக்குறி விழும். அன்றோடு அவ்வேலை முடிந்ததாகும்.

அருகில் தூக்குக்குண்டும் ரசமட்டமுமாக நின்ற முதிய மேஸ்திரி, "தம்பி, படத்திலே சுவர் தெரியும், சுவருக்குப் பின்னாலே என்ன போட்டிருக்குன்னு தெரியுமா?" என்றார். பின்னர் அவரே விளக்கினார். மலைச்சரிவின் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமன்று. மழையில் மண்ணிடைத் தேங்கும் நீரே பெரும்பகை. பின்புறம் உடைகல் நிரப்பி, நீர் வெளிவரச் சுவரிலே துளைகள் விடவேண்டும். கல்லுக்குப் பதில் வெட்டிய மண்ணையே தள்ளி மூடினாலும் முகப்பு அழகாகவே இருக்கும். ஐப்பசி மழையிற்றான் உண்மை வெளிப்படும். வளைவிலிருந்த சிறுபாலத்தை அவர் 'கல்வெட்டு' என்றே வழங்கினார். ஆங்கிலச் சொல் இவ்வாறு திரிந்து சாசனத்தின் பெயரோடு ஒன்றாகிவிட்டதை நம் ஆசிரியர்களிடம் சொல்லவேண்டுமென்று குறித்துக்கொண்டோம்.

அவ்வாறாயின் மேஸ்திரியே போதும் என்று முடித்துவிடலாமோ? அவரே அதற்கு உடன்படவில்லை. முன்பு ஒரு வேலையில், அவர் ஆட்கள் பன்னிரண்டு நாள் உழைத்ததை ஒன்பது நாளென்று எழுதிக் கூலியைக் குறைத்தார்களாம். எழுத்து கண்டிராக்டர் கையில் இருந்தது. இவர்களிடம் வாய்ச்சொல்லே இருந்தது. "இப்ப தேதியோட படம் இருக்கு, இல்லேன்னு சொல்ல முடியாது," என்றபோது அவர் முகத்தில் ஒரு நிறைவைக் கண்டோம்.

ஆகவே விடுதி வழக்கு தவறான இரண்டினை எதிரெதிரே நிறுத்தியதென்பது நம் கருத்து. கண் மேஸ்திரிக்கு உண்டு; மறவாமை மென்பொருளுக்கு உண்டு. ஆராயத்தக்கது, கைப்பேசி யார் கையிலிருக்கிறது என்பதே. வேலை செய்தவனே தன் வேலைக்குச் சாட்சியும் சொல்வானாயின், அச்சாட்சி எத்துணைத் துல்லியமாயினும் என்ன பயன்? ஊரார் குறை சொல்வதற்கென்று 2015-இல் 'மேரி சடக்' என்றொரு செயலியும் வந்தது. 'என் சாலை' என்பது அதன் பொருள்; நாம் கண்ட மலையூரார்க்கு அப்பெயர் விளங்கவில்லை.

சுவர் முடிந்தபின் எடுக்கும் படத்தினும், பின்புறம் மூடப்படுமுன் எடுக்கும் ஒரு படமே வேண்டுவது. அதனை எடுப்பவர் கண்டிராக்டரிடம் சம்பளம் பெறாதவராயிருக்க வேண்டும். அப்படம் செங்காட்டுப்பட்டிக் கடைத்தெருவில், தமிழிலே இரண்டு வரி விளக்கத்துடன் ஒட்டப்படவும் வேண்டும். இதற்குப் புதிய மென்பொருள் ஒன்றும் வேண்டுவதில்லை. ஒரு பலகையும் சிறிது பசையும் போதும்.