இரண்டரை வயதும் இரண்டரை மணித்தியாலமும்

இக்காலத்திற் கணவனும் மனைவியும் இருவருமே உத்தியோகம் பார்த்தாலன்றிக் கொழும்பிற் குடித்தனம் நடத்துதல் அரிதென்பதை யாவரும் அறிவர். நாங்களும் அத்தகையோரே. வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டில் வாழ்கின்றோம். எங்கள் மகளுக்கு இப்பொழுது இரண்டரை வயது. காலை ஏழு மணிக்கு அவளைப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு, எங்களுள் ஒருவர் புறக்கோட்டைக்கும் மற்றவர் இரத்மலானைக்குமாகப் பிரிகின்றோம். மாலை ஆறு மணிக்கு மூவரும் மீண்டும் ஒன்றுகூடுகின்றோம். எட்டரை மணிக்கு அவள் உறங்கவேண்டும். ஆக, வேலை நாளொன்றில் எங்கள் பிள்ளை எங்களோடு ஆறுதலாக இருக்கும் நேரம் இரண்டரை மணித்தியாலம். சமையலும் குளிப்பும் துவைப்பும் மறுநாளைக்கான ஆயத்தமும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும்.

இந்த நேரத்துள் அவளுக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வி எங்களுக்கு வெறும் பேச்சளவிலான கேள்வியாக இருக்கவில்லை. இரண்டு வயது நிறைந்தபொழுது அவள் வாயில் வரும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். தமிழ்ச் சொற்கள் பதினொன்று. சிங்களச் சொற்கள் ஒன்பது. தண்ணீர் வேண்டுமாயின் 'வத்துர' என்பாள். அந்த வயதளவிற் பெரும்பாலான பிள்ளைகள் 'அம்மா வா', 'பால் தா' என்றாற்போல இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கிவிடுவர். எங்கள் மகள் சேர்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா தொலைபேசியிற் கூப்பிட்டால், திரையைப் பார்த்துச் சிரிப்பாள், கையை அசைப்பாள், அவ்வளவுதான். பேத்தியோடு ஒரு வார்த்தை பேசுவதற்காக அந்த முதியவர் காத்திருப்பதைப் பார்க்க எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

உறவினர் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரண்டு பாஷை காதில் விழுந்தாற் பிள்ளை குழம்பிப்போகும் என்பது பலருடைய தீர்ப்பு. நாங்கள் ஒரு குழந்தை வைத்திய நிபுணரிடம் சென்றோம். அவர் முதலில் அவளுடைய செவிப்புலனைச் சோதிப்பித்தார், அதிற் குறையில்லை. பிறகு எங்கள் தாளை வாங்கிப் பார்த்து, "ஏன் இரண்டு நிரலாக எழுதியிருக்கிறீர்கள்? இரண்டையுங் கூட்டுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள் இருபது" என்றார். இரு மொழி கேட்டு வளர்வதனாற் பேச்சுத் தாமதமாவதில்லை என்றும், பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதும், அது மழலையில் ஏதாவது சொன்னால் அதற்கு மறுமொழி சொல்வதுமே முக்கியம் என்றும் விளக்கினார். ஆறு மாதத்தின் பின் மறுபடியும் காட்டும்படி சொன்னார். மருந்தென்று ஒன்றும் எழுதித் தரவில்லை.

பேசுவதற்கு நேரம் எங்கே என்பதே பிறகு எங்களிடையே எழுந்த விவாதம். கடைகளில் எழுத்து அட்டைகளும் எண் அட்டைகளும் வகைவகையாக விற்கின்றன. பக்கத்து மாடியிலுள்ள பிள்ளை ஆங்கில நெடுங்கணக்கைத் தடையின்றி ஒப்புவிக்கின்றது. நம் நாட்டிற் கட்டாயக் கல்வி ஐந்து வயதில் தொடங்குகின்றது. ஆயினும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் இப்பொழுது தொட்டில்வரை நீண்டுவிட்டது போலும்! இரவுச் சாப்பாட்டின் பின் அரை மணித்தியாலம் பாடவேளையாக ஒதுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மம்மாவிடமிருந்து வந்த மறுமொழி அந்த யோசனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

"பிள்ளையை ஏன் இப்பவே படி படியெண்டு அரியண்டப்படுத்திறியள்? குசினிக்குள்ளை கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையிலை இருத்துங்கோ. நீங்கள் செய்யிற வேலையைச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கோ. அவள் தன்ரை பாட்டிலை எல்லாம் பாப்பாள்."

இது பாட்டிமாரின் பழைய வழி என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று. மரியா மொண்டிசோரி அம்மையார் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தை 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஆரம்பித்தது யாருக்காக? பகல் முழுவதும் வேலைக்குப் போன ஏழைத் தாய்தந்தையரின் பிள்ளைகளுக்காக. அதுவும் ஒரு தொடர்மாடிக் கட்டடத்திலேயே. நீர் வார்த்தல், பெருக்குதல், பொத்தான் பூட்டுதல், மேசையில் உணவு பரிமாறுதல் என்னும் வீட்டு வேலைகளை அவர் சின்னஞ்சிறாரின் கல்வியாகவே கொண்டார். 1944ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கும் வந்து ஆசிரியப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவருடைய முறையைப் பின்பற்றுகின்றனவோ இல்லையோ, இன்று நம்மூரிற் பாலர் பாடசாலை எல்லாவற்றுக்கும் 'மொண்டிசோரி' என்பதே பெயராகிவிட்டது. பெயர் நிலைத்த அளவுக்கு நீர் வார்த்தல் நிலைக்கவில்லை.

ஆகவே, இப்பொழுது மாலை ஆறேகாலுக்கு எங்கள் குசினி வாசலில் ஒரு பாய் விரிக்கப்படுகின்றது. அடுப்பிலிருந்து எட்ட, கத்தி இல்லாத பக்கம், அவளுடைய இடம். எங்களுள் ஒருவர் அடுப்பிற் சமைப்பார். மற்றவர் பாயில் அவளோடு மரக்கறி ஆயத்தஞ் செய்வார். முதலில் அவளுக்குக் கிடைத்த வேலை வெங்காயம் பிரித்தல். பம்பாய் வெங்காயம் ஒரு பெட்டிக்குள், சின்ன வெங்காயம் வேறொரு பெட்டிக்குள். இனம் பிரித்தல் என்பது கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அத்திவாரம் என்று ஆசிரிய கலாசாலையிற் சொல்வார்கள். அவளுக்கோ அது வெங்காயம். சருகு கைகளில் ஒட்டுவதிலேதான் அவளுக்கு ஆனந்தம்.

பிறகு போஞ்சி முறித்தாள். முருங்கையிலை உருவக் கற்றுக்கொண்டாள். ஈர்க்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்தால் இலைகள் உதிரும். அந்தப் பிடிதான் பின்னர் பென்சில் பிடிக்கப்போகும் பிடி. ஒரு கறிக்கு வேண்டிய இலையில் அவளுடைய பங்கு ஒரு பிடிக்கும் குறைவு; மிகுதி பாயிலும் தலைமயிரிலும் கிடக்கும். இடியப்பத்துக்கு மாக் குழைக்கும் நாட்களில் ஆறிய மாவில் ஒரு சிறு உருண்டை அவளுக்கு உண்டு. அதைப் பாம்பாக உருட்டுவாள், தட்டுவாள், ஈற்றில் எங்கள் கையில் தந்து உண்ணும்படி வற்புறுத்துவாள்.

இந்த வேலைகளினூடாக நாங்கள் கண்டுகொண்ட ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். வெங்காயத்தை உரிக்கின்றோம், கீரையை ஆய்கின்றோம், முருங்கையிலையை உருவுகின்றோம், போஞ்சியை முறிக்கின்றோம், தேங்காயைத் திருவுகின்றோம், அரிசியைக் களைகின்றோம், மாவை அரிக்கின்றோம், கிழங்கை அவிக்கின்றோம். ஒவ்வொரு செயலுக்கும் தமிழிலே தனித்தனிச் சொல் உண்டு. அவசர வாழ்விலே இவை எல்லாவற்றையும் 'கிளீன் பண்ணுதல்', 'கட் பண்ணுதல்' என்ற இரண்டுக்குள் நாம் அடக்கிவிடுகின்றோம். அலுவலகத்திலிருந்து களைத்து வந்தவர் வாயில் அவைதாம் முதலில் வருகின்றன. பிள்ளை நமது வாயைப் பார்த்துக் கற்பதாயின், நமது வாயில் எட்டுச் சொற்கள் இருப்பதும் இரண்டு சொற்கள் இருப்பதும் ஒன்றாகுமா? எங்கள் மகள் முதன்முதலாக இணைத்துச் சொன்ன இரு சொற்கள் "தேங்காய் திருவு" என்பன. அன்று வீட்டிலே தேங்காய் இருக்கவில்லை. எங்களுள் ஒருவர் மூன்று மாடியும் இறங்கிக் காலி வீதிக்குச் சென்று வாங்கி வந்தார்.

எண்களும் குசினியிலேதான். இரண்டரை வயதுப் பிள்ளை பத்துவரை ஒப்புவித்தால் நாம் மகிழ்ந்துபோகின்றோம். அதே பிள்ளையிடம் "மூன்று தேசிக்காய் தா" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கை கொண்டமட்டும் அள்ளித் தரும். ஒலியை ஒப்புவித்தல் வேறு, அளவை அறிதல் வேறு. எங்கள் மகளுக்கு இப்பொழுது 'ஒண்டு' உறுதி; 'இரண்டு' பெரும்பாலும் சரி; அதற்கு மேற்பட்டதெல்லாம் அவளுக்கு 'கனக்க'. நாங்கள் அவசரப்படவில்லை. ஆளுக்கு இரண்டு இடியப்பம் என்று தட்டில் வைக்கின்ற வேலை அவளுடையது. அப்பாவுக்கு ஒன்று குறைந்தால் அப்பா முறையிடுவார். அவள் மறுபடியும் பார்ப்பாள்.

குளிக்கும்போது ஒரு வாளியும் இரண்டு சிரட்டைகளும் போதும். பெரிய சிரட்டைத் தண்ணீர் சின்னதில் வார்த்தால் வழியும். சின்னதின் தண்ணீர் பெரியதில் வார்த்தாற் காணாது. 'நிறைஞ்சிட்டுது', 'காணாது', 'இன்னும்' என்ற சொற்கள் அங்கேதான் வந்தன. துவைத்த துணி மடிக்கும்போது காலுறைகளைச் சோடி சேர்ப்பதும் அவளே. சில நாட்களில் நாங்கள் அலுவலகத்துக்கு அணிந்து சென்ற காலுறைகள் சோடியல்ல என்பது நண்பகலிலேதான் தெரியவந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கச்சான், கடலை, புளியங்கொட்டை, சிறு பொத்தான் முதலியவற்றை எண்ணுவதற்கென்று மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கையிற் கொடுத்தல் ஆகாது. கண்ணிமைக்கும் பொழுதில் வாய்க்குள்ளோ மூக்குக்குள்ளோ போய்விடும். மூச்சுக்குழலில் அடைத்தால் உயிராபத்து. விளையாட்டுப் பொருள்களில் உள்ள சிறு வட்ட மின்கலங்கள் விழுங்கப்பட்டால் அதனினும் கேடு. தேசிக்காய், உருளைக்கிழங்கு, சிரட்டை என்று பெரியனவாகத் தெரிந்து கொடுத்தலே நன்று. கொதிநீர்ப் பானை இருக்கும் இடத்தில் பாய் இருத்தலும் கூடாது.

காலை வேளையில் நாங்கள் எதையும் முயல்வதில்லை. செருப்பை அவளே மாட்டுகின்றாள். இடமும் வலமும் மாறினால் மாறியபடியே படியிறங்குகின்றோம். சிந்தாத வேலை ஒன்றும் இல்லை என்பதையும், அவளோடு சேர்ந்து செய்தால் அரை மணித்தியாலச் சமையல் ஒரு மணித்தியாலமாகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆகையாற் கறி இரண்டு என்பது ஒன்றாயிற்று. மழையில் நனைந்து, பேருந்து நெரிசலில் நின்று ஏழு மணிக்கு வந்து சேரும் நாட்களில் பாய் விரிக்கப்படுவதும் இல்லை. பாணும் பருப்புக் கறியும் உண்டுவிட்டுப் படுத்துக்கொள்கின்றோம்.

உறக்கத்தை மட்டும் நாங்கள் எதற்காகவும் குறைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், ஒன்று முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைகளுக்குப் பகல் உறக்கம் உட்பட 11 முதல் 14 மணித்தியால உறக்கம் வேண்டுமென்றும், இரண்டு வயதுப் பிள்ளை திரையின் முன் அமர்ந்திருக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் மேலும் நன்று என்றும் கூறப்பட்டுள்ளது. எங்கள் வீட்டிற் கைத்தொலைபேசி அம்மம்மாவுக்காக மாத்திரம் அவள் முன் வரும். அம்மம்மா அதிலே பாட்டுச் சொல்வார். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரி வெருளியும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1953ஆம் ஆண்டில் மறைந்த அப்புலவரின் பாட்டுக்கு வெள்ளவத்தை மாடியொன்றிலே ஒரு சிறுமி கைகொட்டுகின்றாள். கூழ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே இவ்வாண்டு ஆடி முதலாந் திகதி ஆடிக்கூழ் காய்ச்சினோம். அவள் கூழைத் துப்பிவிட்டுக் கொழுக்கட்டையை உண்டாள்.

பராமரிப்பு நிலையத்து அக்காமாரிடம் அவள் கற்கும் சிங்களத்தைக் குறித்து இப்பொழுது எங்களுக்குக் கலக்கம் இல்லை. அதை அவர்கள் எங்களிலும் நன்றாகக் கற்பிக்கின்றார்கள். நாங்களும் அவளிடமிருந்து சில சொற்கள் பெற்றுக்கொண்டோம். தமிழ் எங்கள் பங்கு.

ஞாயிற்றுக்கிழமைகளிற் கடற்கரைக்குப் போகின்றோம். கடலுக்கும் மறைன் டிறைவ் வீதிக்கும் இடையே புகையிரதப் பாதை கிடக்கின்றது. இரயில் வருவதற்கு முன்னரே அவளுக்குத் தண்டவாளத்தின் அதிர்வு தெரிந்துவிடும். காலி வீதியில் 100, 101 என்று இலக்கமிட்ட பேருந்துகளை நோக்கி "ஒண்டு!" என்று கூவுவாள். மற்றைய இலக்கங்களை அவள் பொருட்படுத்துவதில்லை.

வைத்திய நிபுணர் சொன்ன ஆறு மாதம் சென்ற கிழமை நிறைவுற்றது. இம்முறை தாளில் எழுத முயன்று இடையிலே விட்டுவிட்டோம்; நூற்றெண்பதுக்கு மேல் எண்ணிக்கை பிசகிப்போயிற்று. 'வத்துர' இன்னும் இருக்கின்றது, 'தண்ணி'யும் இருக்கின்றது. எங்களிடம் ஒன்று, அக்காமாரிடம் மற்றொன்று என்று பிரித்து வழங்குகின்றாள். வருகின்ற நவராத்திரியில் விஜயதசமியன்று ஏடு தொடக்கலாமா, அடுத்த ஆண்டுக்கு வைப்போமா என்று உறவினர் கேட்கின்றார்கள். அடுத்த ஆண்டு என்று சொல்லியிருக்கின்றோம்.

அம்மம்மா அடுத்த மாதம் இங்கு வருகின்றார். பேத்திக்கென்று பனையோலையில் ஒரு சின்னச் சுளகு இழைப்பித்துக் கொண்டுவருவதாகத் தொலைபேசியிற் காட்டினார். அவள் அதைப் பார்த்து, "அம்மம்மா, அது என்ன?" என்று கேட்டாள். அவர் சொன்னார், பின்னர் புடைத்தும் காட்டினார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தபடியால் அன்று கறி சற்று அடிப்பிடித்தது.