மார்கழியில் ஒரு ஸ்பிரிங்

அமெரிக்காவில் ஜனவரி மாசம், முழங்கால் வரைக்கும் பனி கிடக்கும்போது ஆரம்பிக்கிற செமஸ்டருக்கு 'ஸ்பிரிங்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வசந்தமாம்! நம்ம கணக்கில் அது நட்டநடு மார்கழி. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடு ஆறு மாசம் மாட்டிக்கொண்டு முழித்த கதைதான் இது. உங்கள் வீட்டில் யாராவது ஜனவரி சேர்க்கைக்குத் தயாராகிக் கொண்டிருந்தால் கொஞ்சம் உபயோகப்படலாம்.

முதலில் ஆள் அறிமுகம். என் அக்கா மகள். ஊர் தென்காசி. திருநெல்வேலி பக்கம் இன்ஜினியரிங் முடித்துவிட்டு 2023-இல் பெங்களூருக்கு வேலைக்கு வந்தாள். நான் இங்கே பொட்டி தட்ட வந்து இருபது வருஷம் ஆகிவிட்டதால், தாய்மாமன் வீடு இருக்கும்போது பி.ஜி. எதற்கு என்று அல்சூரில் எங்களோடேயே தங்கினாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. இரண்டு வருஷம் அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் கேப்பில் உட்கார்ந்தபடியே ஜி.ஆர்.இ.க்குப் படித்தாள். 2025 ஆகஸ்டில் தொடங்கும் எம்.எஸ். படிப்புக்கு, மிட்வெஸ்டில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கினாள்.

ஜூலையில், குற்றாலத்தில் சாரல் களைகட்டியிருந்த நேரம், அத்தானுக்கு நெஞ்சுவலி. பைபாஸ். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஆகஸ்டில் விமானம் ஏறுகிற நிலையில் யாரும் இல்லை. ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாப்பா பல்கலைக்கழகத்துக்கு மூன்று வரி மெயில் அனுப்பினாள். ஜனவரிக்கு மாற்றித் தர முடியுமா? மூன்றாம் நாள் 'சரி' என்று பதில் வந்தது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். எல்லாத் துறைகளும் இப்படி மாற்றித் தருவதில்லை. பல துறைகளில் ஜனவரி சேர்க்கையே கிடையாது, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்கச் சொல்கிற இடங்களும் உண்டு. மாற்றித் தந்தாலும் புதுத் தேதி போட்ட ஐ-20 வாங்க வேண்டும். செவிஸ் எண் அதேதான் என்றால் முன்பு கட்டிய 350 டாலர் வீணாகாது. கூடவே உதவித்தொகை ஏதாவது சொல்லியிருந்தால் அதுவும் ஜனவரிக்கு வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2025-இல் ஜனவரிக்குத் தள்ளிப் போட்டவள் இவள் மட்டும் இல்லை. மே 27 முதல் ஜூன் 18 வரை மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் கொடுப்பது உலகம் முழுக்க நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மறுபடி திறந்தபோது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளையெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். தேதி கிடைக்காமல் ஆகஸ்டைத் தவற விட்டவர்கள் பலர். (பாப்பா இன்ஸ்டாவைத் திறந்த அன்றைக்கு அதைப் பார்த்தது அமெரிக்க அரசாங்கம் மட்டும் இல்லை, எங்க அக்காவும்தான். அந்த விசாரணை விசா நேர்காணலை விடக் கடுமையாக இருந்தது :-))

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜனவரியில் போனால் என்ன வித்தியாசம்? செப்டம்பரில் நானும் பாப்பாவும் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தோம்.

அங்கே படிப்பு வருஷம் ஆகஸ்டில்தான் ஆரம்பம். அடிப்படைப் பாடங்கள் சில ஆகஸ்டில் மட்டும்தான் நடத்துவார்கள். ஜனவரியில் போகிறவர்கள் நடுவில் ஏறிய பயணி மாதிரி, இருக்கிற சீட்டில் உட்கார வேண்டியதுதான். டி.ஏ. வேலைகளும் பெரும்பாலும் ஆகஸ்டிலேயே நிரம்பிவிடும். அடுத்தது இன்டர்ன்ஷிப். எஃப்1 விசாவில் சி.பி.டி. அனுமதி வாங்கப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு, அதாவது இரண்டு செமஸ்டர், படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் போனவர்களுக்கு அடுத்த மே மாசமே அது முடிந்துவிடும். ஜனவரியில் போனவர்களுக்கு முதல் கோடை விடுமுறையில் ஒரு செமஸ்டர்தான் கணக்கில் இருக்கும். ஆக, அவளுக்கு இன்டர்ன்ஷிப் 2027 கோடையில்தான்.

நல்லதும் இருக்கிறது. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு. டிசம்பரில் படிப்பை முடித்துக் கிளம்புகிறவர்கள் மிச்ச மாசத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், அதனால் கட்டில் மேசையோடு ரூம் சுலபமாகக் கிடைக்கும். டிசம்பரில் படிப்பு முடிவதால், மே மாசக் கூட்டத்துக்கு முன்னாலேயே வேலை தேடலாம்.

இதையெல்லாம் ஷீட்டில் போட்டு முடித்தோம். அடுத்து வந்தது பணம். அங்கேதான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

மொத்தச் செலவு 42,000 டாலர் என்று கணக்கு. ஏப்ரலில் டாலர் 85 ரூபாய். டிசம்பர் முதல் வாரத்தில் 90-ஐத் தாண்டியது. ஒரு டாலருக்கு 5 ரூபாய் என்றால் 42,000-க்கு 2 லட்சத்துப் பத்தாயிரம். யாரும் எதுவும் வாங்காமலே செலவு ஏறிவிட்டது. பாப்பாவின் சேமிப்பு 6 லட்சம் போக, மிச்சத்துக்குக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேலே போனால் வங்கிகள் பெரும்பாலும் பிணை கேட்கும். (ஏழரை என்றாலே நமக்குச் சனிதான்!) பிணைக்கு இருந்தது தென்காசி வீடு ஒன்றுதான்.

அக்கா ஒரே போடாகப் போட்டாள். "ஆபரேஷன் பண்ண மனுசன். பென்ஷன் ஒண்ணுதான் வருமானம். இருக்கிற வீட்டையும் எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு நான் எங்கன போயி நிக்க?" அந்த வாரம்தான், செப்டம்பர் 19-ஆம் தேதி, எச்1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. ஊரில் டிவி பார்த்த அத்தனை பேரும் அக்காவுக்குப் போன் போட்டு துக்கம் விசாரித்தார்கள். அங்கேயே படித்து, அங்கிருந்தபடியே விசா மாற்றுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அக்டோபர் 20-ஆம் தேதி விளக்கம் வந்தது. விளக்கத்துக்கு யாரும் போன் பண்ணவில்லை.

அக்கா கேட்டதில் தப்பே இல்லை. 32 லட்சம் முழுசாக வாங்கிவிட்டால் 10 சதவீதத்தில் வருஷ வட்டி 3 லட்சத்து 20 ஆயிரம். மாசம் கிட்டத்தட்ட 27,000. வேலை கிடைத்தால் அது தூசு. கிடைக்காவிட்டால் தென்காசியில் ரிட்டயர்டு வாத்தியாருக்கு அது மலை. எட்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் "போயிட்டு வா, பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருப்பேன். 2025-இல் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாப்பாவுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். "பேசாம வேலையிலேயே இருந்துடவா மாமா?" என்று ஒரு ராத்திரி கேட்டாள். நான் ஷீட்டைக் காட்டினேனே தவிர, பதில் சொல்லவில்லை. அது அவளும் அவள் அப்பாவும் பேச வேண்டிய பேச்சு.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அத்தானே ஆரம்பித்தார். தையல் போட்ட நெஞ்சில் துண்டைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "இந்த வீட்டை நான் கையில காசு வச்சுக்கிட்டா கட்டினேன்? சொசைட்டில கடன் வாங்கிக் கட்டி, பதினஞ்சு வருசம் அடைச்சேன். பாப்பா பொறக்கும்போது இந்த வீடு அடமானத்துலதான் இருந்துச்சு. அவ அதுக்குள்ளதான வளந்தா?" அக்கா அடுக்களையிலிருந்து பதில் பேசவில்லை. பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

ராத்திரி இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மொத்தக் கடனையும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. செமஸ்டர் செமஸ்டராகத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி ஓடும். முதல் செமஸ்டருக்கு 12 லட்சம், வட்டி மாசம் 10,000. அதை அத்தான் பென்ஷனிலிருந்து மாசா மாசம் கட்டிவிட்டால் வட்டி அசலோடு சேராது. இரண்டு செமஸ்டர் முடிந்ததும் நிலைமையைப் பார்த்து மேற்கொண்டு யோசிப்பது, தேவைப்பட்டால் வெட்கப்படாமல் திரும்பி வருவது. கடைசி நிபந்தனையைச் சொன்னது அக்கா. "திரும்பி வந்தா யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது" என்று எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கினாள்.

அதற்கப்புறம் ஓட்டம்தான். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வக்கீல் ஒப்பீனியன், வீட்டு மதிப்பீடு என்று மூன்று வாரம் போனது. கடன் வாங்கிப் படிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வங்கிக் கல்விக் கடனிலிருந்து கட்டணம் அனுப்பினால் 2025 ஏப்ரல் 1 முதல் டி.சி.எஸ். பிடித்தம் கிடையாது.

விசாவுக்கு சென்னை. பெங்களூரில் 2025 ஜனவரி 17-ஆம் தேதி அமெரிக்கத் துணைத் தூதரகம் திறந்தார்கள். உடனே இங்கே எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் விசா வேலை அப்போது அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே வழக்கம்போல ராத்திரி ரயில், விடிகாலை சென்ட்ரல், முதல் நாள் கைரேகை, மறுநாள் ஜெமினி மேம்பாலம் ஓரமாக வரிசை. விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இரண்டு நிமிஷம்தான் பேசினார்களாம். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் செலவு செய்கிறார்கள், ஏன் ஆகஸ்டில் போகவில்லை? மூன்றாவது கேள்விக்கு "அப்பாவுக்கு பைபாஸ்" என்றாளாம். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

நிறைய பேர் கடைசியில் தவிக்கிறது தடுப்பூசிக்கு. எம்.எம்.ஆர். இரண்டு தவணைக்குப் பல பல்கலைக்கழகங்கள் அத்தாட்சி கேட்கும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பள்ளிக்கூடங்களில் போட்டார்களே, அது எம்.ஆர்., அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. அந்த அட்டையை மட்டும் நம்பிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு தவணைக்கும் நடுவில் 28 நாள் இடைவெளி வேண்டும். காசநோய்ப் பரிசோதனை கேட்டால், அதை ஊசி போடுகிற அன்றைக்கே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாலு வாரம் பொறுக்க வேண்டும். ஜனவரிக்குப் போகிறவர்கள் நவம்பர் ஆரம்பத்திலேயே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

குளிருக்கு சர்ஜாபூர் ரோடு டெகாத்லானில் உள்ளே போடுகிற தெர்மல், கையுறை, குல்லா வாங்கினோம். கனமான கோட்டும் பனி பூட்ஸும் அங்கே போய் வாங்குவதுதான் சரி. பெங்களூரில் 14 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுகிற நமக்கு மைனஸ் 15-க்குத் துணி பார்க்கத் தெரியாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் கொண்டு போகலாம், சுங்கப் படிவத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்புகிற பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்று பிடுங்கிவிடுவார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அம்மா கேட்டாள், "என்னைக்குடா கெளம்புதா?" ஜனவரி முதல் வாரம் என்றேன். "மார்கழியிலயா?" என்று ஒரே கேள்வி, அப்புறம் மௌனம். ஐ-20-இல் போட்ட தேதிக்கு 30 நாள் முன்னாலேயே அங்கே இறங்கலாம் என்பது விதி. கார்த்திகைக் கடைசியில் கிளம்பலாம்தான். ஆனால் அது கிறிஸ்துமஸ் விடுமுறை. கல்லூரி பூட்டியிருக்கும், அறைத் தோழிகளும் ஊருக்குப் போயிருப்பார்கள். தை பிறக்கட்டும் என்று காத்திருந்தாலோ, வகுப்பே ஆரம்பித்துவிடும்.

வழி கண்டுபிடித்ததும் அம்மாதான். பரஸ்தானம். நல்ல நாளில் பிரயாணச் சாமான் ஒன்றை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிரயாணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கார்த்திகை முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பெட்டியை எதிர்வீட்டு கன்னட ஆன்ட்டி வீட்டில் வைத்தோம். விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "தனுர்மாசம், நமக்கும் அதேதான்" என்று சாமி அறைப் பக்கமாகவே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பரஸ்தானம் எத்தனை நாள் தாங்கும் என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

கிளம்புகிற ராத்திரி அந்தப் பெட்டியை எடுக்கப் போனபோது, சங்கராந்திக்குக் கொடுக்கிற எள்ளு பெல்லாவை முன்கூட்டியே பொட்டலம் கட்டிப் பெட்டி மேல் வைத்திருந்தார். அத்தான் அவ்வளவு தூரம் பயணம் செய்யக் கூடாது என்பதால் தென்காசியிலிருந்தே வீடியோவில் வந்தார். "மருந்து நேரத்துக்குச் சாப்பிடுங்கப்பா" என்றாள். "நீ வட்டியைப் பத்தி யோசிக்காத" என்றார். இருவருமே அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் சிரமமாக இருந்தது. டெர்மினல் 2 வாசலில் என் மனைவி திருநீறு பூசிவிட்டாள், அவள் உள்ளே போனாள்.

இப்போது முதல் மாதம் முடிந்துவிட்டது. ஆகஸ்டில் மட்டும் நடத்துகிற பாடம் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது, நினைத்தபடியே கிடைக்கவில்லை. ரூம் நினைத்ததைவிட நன்றாக அமைந்தது. வளாகச் சாப்பாட்டுக் கூடத்தில் வாரம் 12 மணி நேர வேலை கிடைத்திருக்கிறது. அத்தான் முதல் மாச வட்டியைக் கட்டிவிட்டு, ரசீதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார். அக்கா அதற்குக் கைகூப்பும் படம் போட்டாள். அது சாமிக்கா, வங்கிக்கா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றே ஒன்று சொல்வேன். டாலர், வட்டி, விசா எல்லாவற்றையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே தாளில் எழுதுங்கள். திரும்பி வருவதற்கும் அதில் ஒரு வரி ஒதுக்கி வையுங்கள்.