தண்ணி விழுதா?

ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஃபோன் ஓயாது. கூப்பிடுகிறவர் பெயர் சொல்லமாட்டார், வாடகை எவ்வளவு என்று கேட்கமாட்டார். முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" பேரருவியில் விழுகிறதா, ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுகிறது, குளிக்க விடுகிறார்களா, வெள்ளம் என்று தடுத்து வைத்திருக்கிறார்களா. இவ்வளவு தெரிந்தால் போதும், அவர்கள் வண்டியை எடுத்துவிடுவார்கள்.

என் தங்கை மகன் ஐந்தருவிச் சாலையில் பன்னிரண்டு அறைகள் உள்ள ஒரு லாட்ஜ் நடத்துகிறான். சில வருடங்களுக்கு முன் யாரையோ பிடித்து அதற்கு ஒரு வெப்சைட் செய்தான். திறந்தால் அருவிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வரும். பின்னணியில் தண்ணீர் இரைச்சல். மூலையில் ஒரு பொம்மை எட்டிப் பார்த்துக் கையை ஆட்டும். லாட்ஜ் கம்ப்யூட்டரில் பார்த்தபோது எல்லாரும் வாயைப் பிளந்தோம், நானும்தான். சீசன் வந்தது. சனி, ஞாயிறு என்றால் பழைய குற்றாலம் முதல் ஐந்தருவி வரை தலை தலையாகக் கூட்டம், தலைக்கு ஒரு செல்ஃபோன், எல்லாருக்கும் சேர்த்து இருக்கிற ஒன்றிரண்டு டவர். "அண்ணாச்சி, உங்க சைட் சுத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த லாட்ஜுக்குப் போய்விட்டார்கள்.

பேத்தியைவிட்டு அந்தப் பக்கத்தை எடை போடச் சொன்னேன். 6 எம்.பி. சாரல் நாளில், கூட்டத்தின் நடுவே, நொடிக்கு 100 கிலோபிட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 எம்.பி. வந்து சேர எட்டு நிமிடம் ஆகும். அதற்குள் குளித்துத் துவட்டித் தலை காய்ந்துவிடும்.

நான் தென்காசியில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன். இடது கையில் ஸ்டிக், எதிரே எழுத்துக் கேஸ், ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். ஈய எழுத்துக்குக் கனம் உண்டு. கல்யாணப் பத்திரிகைக்குப் பூ பார்டர், பிள்ளையார் பிளாக், மூலைக்கு மூலை மாவிலை என்று வைத்துப் பூட்டினால் அந்த ஃபாரத்தைத் தூக்கி மெஷினில் ஏற்றுகிறவனுக்குத்தான் தெரியும் அலங்காரத்தின் விலை. பூ அழகாக விழுந்து மாப்பிள்ளை பெயர் மங்கலாக விழுந்த பத்திரிகைகளை நானே அடித்திருக்கிறேன். முதலாளி சாயங்காலம் தாளைத் தூக்கிப் பிடித்து, "முகூர்த்த நேரம் தெரியுதா பாருலே, பூவை அப்புறம் பாக்கலாம்" என்பார்.

1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகைகளில் பயன்படுத்திவந்த முறையை எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்டது. துதிக்கை வைத்த பழைய 'லை', 'ணை', சுழி போட்ட 'றா', 'னா' எல்லாம் போயின. கேஸில் அத்தனை அறைகள் காலியாயின. பார்க்க மொட்டையாக இருக்கிறது என்று முதலில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரே மாதத்தில் கை வேகம் கூடியது. வாசிக்கிறவர்கள் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

அறுபது தாண்டி எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டேன் என்றால் சிரிக்கிறார்கள். எனக்கு அது புதிதாகவே இல்லை. ப்ரூஃப் ஓரத்தில் 'இது தலைப்பு, இது பத்தி, இது தடித்த எழுத்து' என்று குறி போட்டுப் போட்டே தலை நரைத்தவன் நான். அந்தக் குறிகளை ஓரத்தில் போடாமல் வரிக்குள்ளேயே போட்டால் எச்.டி.எம்.எல். முடிந்தது. நிறம், இடைவெளி, எழுத்தின் பருமன் இவற்றுக்கு சி.எஸ்.எஸ்., நாற்பது வரி. நோட்பேடில் அடித்தேன். பேத்தி ஹ்யூகோ, ஜெகில் என்று சில கருவிகளைக் காட்டினாள். நாம் எழுதிக் கொடுப்பதை வைத்து, தலையும் காலும் ஒட்டி, முழுப் பக்கங்களாக முன்கூட்டியே அடித்து வைத்துவிடும் கருவிகள் அவை. ஐம்பது பக்கம் இருந்தால் அதுதான் சரி. எங்களுக்கு இருந்தது ஒன்றரைப் பக்கம்.

புதுப் பக்கம் 11 கே.பி. அருவிப் படம் ஒன்றே ஒன்று, சுருக்கிச் சுருக்கி 40 கே.பி. ஆக்கியது. அந்த 11-க்கு ஒரு கணக்கு உண்டு. சர்வர் முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாது. பெரும்பாலும் பத்துப் பொட்டலம் அனுப்பும், ஒன்றுக்குச் சுமார் 1,460 பைட். அது போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்த பிறகே அடுத்தது. ஆகவே 14 கே.பி.க்குள் அடங்கினால் பக்கம் ஒரே நடையில் போய்விடும். தமிழுக்கு இதில் ஒரு சின்ன சுமை இருக்கிறது. யூனிகோட் கணக்கில் 'குற்றாலம்' என்பது ஒன்பது குறிகள், குறிக்கு மூன்று பைட்டாக 27 பைட். ஆங்கிலத்தில் இதே ஊர்ப் பெயர் பத்து பைட்டில் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்றில் முன்னால் இருக்கிற இரண்டும் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருவதால், அனுப்புமுன் சுருக்கச் சொன்னால் நன்றாகவே சுருங்கிவிடுகிறது. எழுத்துருவும் தனியாக அனுப்பவில்லை. தமிழ் எழுத்து ஏற்கெனவே எல்லார் ஃபோனிலும் இருக்கிறதே, பிறகு எதற்கு?

ஜாவாஸ்கிரிப்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தைச் செய்தார். படம் 100 கே.பி. என்றால் ஃபோன் அதை விரித்துக் காட்டினால் போதும். ஸ்கிரிப்ட் 100 கே.பி. என்றால் இறக்கி, வாசித்து, புரிந்து, அது சொல்கிற வேலையை எல்லாம் செய்ய வேண்டும். இருபதாயிரம் ரூபாய் ஃபோனுக்கு அது விளையாட்டு, ஆறாயிரம் ரூபாய் ஃபோனுக்கு மூட்டை தூக்குவது. பழைய பக்கத்தில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தேன். 'கட்டணம்' என்று தொட்டால் விரியும் பெட்டி ஸ்கிரிப்ட் இல்லாமலே எச்.டி.எம்.எல்.-இல் இருக்கிறது. எண்ணைத் தொட்டால் ஃபோன் போவதற்கும் அது வேண்டாம். கையை ஆட்டும் பொம்மைக்கு வேண்டும். பொம்மையை அனுப்பிவிட்டோம்.

எனக்கு ஜாவாஸ்கிரிப்ட்மேல் பகை இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரவுசருக்குள்ளேயே கணக்கு எழுதவும் அலுவலகம் நடத்தவும் மென்பொருள் செய்கிறார்கள், அதற்கு ஸ்கிரிப்ட் இல்லாமல் ஆகாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே அதைத்தான் எழுதுகிறார்கள். நெல் அரைக்க மில் வேண்டும், வெற்றிலை இடிக்கவுமா?

கனம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. பழைய பக்கத்தைச் செய்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். வாடகையை மாற்ற வேண்டுமென்றால் ஒருவருக்கும் வழி தெரியவில்லை. உள்ளே திறந்து பார்த்தால், எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்கள் எழுதிய துண்டுகள்மேல் துண்டுகளாக நின்றது. 2016 மார்ச்சில் உலகம் பார்த்த வேடிக்கை ஒன்று உண்டு. ஒருவர் தாம் எழுதிப் பொதுவில் வைத்திருந்த 11 வரி ஸ்கிரிப்ட்டைக் கோபத்தில் எடுத்துவிட்டார். அதை நம்பி நின்ற எத்தனையோ பெரிய பெரிய வேலைகள் அன்றைக்குப் படுத்துக்கொண்டன. சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்புகிற 11 வரி, அவ்வளவுதான்! கம்பாசிட்டருக்கு அது குவாட் துண்டு போடுகிற வேலை.

இதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் வைத்த முதல் வலைப்பக்கம் இன்றைய ஃபோனிலும் திறக்கிறது. அதே சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் திருக்குறளும் சங்க நூல்களும் வெறும் எழுத்தாக, ஆடம்பரம் இல்லாத பக்கங்களாகக் கிடக்கின்றன. இடையில் தமிழ் எழுத்துக் குறியீடே மாறியது, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வந்தோம். மாற்றி எடுத்துக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் உள்ளே இருந்தது எழுத்து மட்டும்தான். எங்கெங்கோ இருக்கிற தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள், வேறு யாரோ பிழை திருத்தினார்கள்.

தென்காசிக்காரனுக்கு இந்த விஷயத்தில் ஓர் ஆசான் இருக்கிறார். 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன். கோபுர வாசலில் நுழையும்போது எதிரே வந்து தள்ளுகிற காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசுவார்கள். உள்ளூர்க்காரர்கள் பேச வேண்டியது அங்கிருக்கிற கல்வெட்டைப் பற்றி. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது பழுது வந்தால் அதை வந்து சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே வணங்குகிறேன் என்று அரசன் பாட்டாகச் சொல்லியிருக்கிறான். பழுது வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ராஜகோபுரம் மொட்டையாகப் பிளந்து நின்றது. இடி விழுந்தது என்பார்கள். 1990-இல்தான் ஒன்பது நிலையும் எழுந்து குடமுழுக்கு நடந்தது.

அதை நினைத்துத்தான் எங்கள் பக்கத்தின் மூல ஃபைலில், பார்வையாளருக்குத் தெரியாத குறிப்பாக முதல் வரியில் எழுதி வைத்தேன்: 'இதைத் திருத்த வருகிறவருக்கு வணக்கம். தண்ணீர் நிலவரம் 31-ஆவது வரியில் இருக்கிறது. தேதியும் நேரமும் மாற்ற மறக்க வேண்டாம்.' நேற்று விழுந்த தண்ணீரை நம்பி இன்று ஒரு குடும்பம் மதுரையிலிருந்து வந்து நிற்கக் கூடாது.

வரவேற்பில் வேலை பார்க்கிற பெண் ஆய்க்குடியிலிருந்து வருகிறாள். இருபது வயது இருக்கும். காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அருவியைப் பார்த்துவிட்டு வந்து, தன் ஃபோனிலேயே அந்த வரியை மாற்றுவாள். கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆனது.

போன சீசனில் ஒருநாள் பக்கத்தைத் திறந்தேன். நான் ஆசை ஆசையாக மேலே எழுதி வைத்திருந்த ஒரு பெரிய பத்தியைக் காணவில்லை. சித்திர சபை, குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. என்று இருபது வரி. கேட்டால், "தாத்தா, எல்லாரும் அதைத் தள்ளித் தள்ளிக் கீழே போயி தண்ணி விழுதான்னு தேடுதாவ" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. டி.கே.சி. கம்பனிலேயே இடைச்செருகல் என்று பட்ட பாட்டையெல்லாம் தூக்கிவிட்டுத் தம் பதிப்பைப் போட்டு, புலவர்களிடம் வசவு வாங்கியவர். அவரைப் பற்றிய பத்தியையே ஒருத்தி தூக்கிவிட்டாளே என்று இரண்டு நாள் லாட்ஜ் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் திரும்பப் போட்டுவிடலாம் என்று ஃபைலைத் திறந்தேன். முதல் வரியில் என் வணக்கம் அப்படியே இருந்தது. '31-ஆவது வரியில்' என்றிருந்த இடத்தை மட்டும் அவள் '11-ஆவது வரியில்' என்று திருத்தியிருந்தாள். மூடி வைத்துவிட்டேன்.