புறா விடு தூது



ஏப்ரல் 1 வந்தால் நாம் என்ன செய்வோம்? முன்னால் போகிறவன் சட்டையில் இங்க் அடிப்போம். "டேய், உன்ன ஹெச்.ஓ.டி. கூப்பிடுறாரு" என்று ஒருத்தனை மாடிக்கு ஓட விடுவோம். கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள் அன்றைக்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? விதிமுறை எழுதுகிறார்கள்!

இன்டர்நெட்டின் விதிமுறைகள் ஆர்.எப்.சி. என்ற பெயரில் வரிசை எண் போட்டு வெளிவரும். நாம் உருப்போடும் ஐ.பி.யே 1981-ல் வந்த 791-ஆம் ஆர்.எப்.சி.தான். அதே வரிசையில், அதே முகத்தோடு, 1990 ஏப்ரல் 1 அன்று 1149 வந்தது. எழுதியவர் டேவிட் வெயிட்ஸ்மன். விஷயம்: ஐ.பி. பாக்கெட்டைப் புறா மூலம் அனுப்புவது எப்படி? கிளியையும் நெஞ்சையும் தூது விட்ட நம் புலவர்கள் கூட இவ்வளவு விவரம் எழுதவில்லை! பாக்கெட்டை ஹெக்ஸாடெசிமலில் சின்னக் காகிதச் சுருளில் அச்சடி. புறாவின் ஒற்றைக் காலில் சுற்றி டேப் ஒட்டு. எம்.டி.யு. நமக்கு பைட்டில் வரும்; இங்கே எடையில்! சாதாரணமாக 256 மில்லிகிராமாம். பறவைக்கு வயசாக ஆக அது கூடுமாம்.

இதற்குச் சிரிக்க வேண்டுமென்றால் எம்.டி.யு. என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் எனக்கு இந்த ஆசாமிகளைப் பிடித்துப் போனது. கைடைப் படித்து மார்க் வாங்கலாம், சிரிக்க முடியாது சார்!

இதோடு விட்டார்களா? 2001 ஏப்ரலில் நார்வே நாட்டு பெர்கன் நகரத்து லினக்ஸ் ஆர்வலர்கள் நிஜமாகவே புறா விட்டுப் பார்த்தார்கள். போன பாக்கெட் 9, பதில் வந்தது 4. சீக்கிரமாக வந்த பதிலுக்கே 53 நிமிஷத்துக்கு மேல். நம்ம லேப் நெட் எவ்வளவோ தேவலை!

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காகிதத்துக்குப் பதில் நகத்தளவு மெமரி கார்டு, 1 டெராபைட். புறா ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. வினாடிக்கு 2.2 கிகாபிட்! பதில் வரத்தான் தாமதம், அள்ளிக்கொண்டு போகும் அளவோ அபாரம். லேட்டன்சி வேறு, பேண்ட்வித் வேறு என்று ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்டும் மண்டையில் ஏறாதது, புறா சொல்லி ஏறியது.

இது வெறும் கேலி இல்லை. 2016-ல் அமேசான் கம்பெனி, டேட்டா சென்டருக்குத் தகவல் கொண்டுபோக 45 அடி கன்டெய்னர் லாரியே விட்டது. ஒரு லோடு 100 பெட்டாபைட். அந்தச் சேவையை 2024-ல் நிறுத்தியும் விட்டார்கள்.

லாரி என்றதும் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா லோடு லாரி ஓட்டுகிறவர். நான் காலேஜில் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கே தொடங்கிச் சொல்வது? அன்றைக்குப் புறாவில் தொடங்கினேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சரி, புறா வழியில செத்துப்போச்சுன்னா?"

"இன்னொரு புறாவ அனுப்பணும்ப்பா."

"செத்துப்போச்சுன்னு அனுப்புனவனுக்கு எப்படிடா தெரியும்?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "போய்ச் சேந்துச்சுன்னா அங்கேருந்து ஒரு புறா திரும்பி வரும்ப்பா. வரலன்னா சேரலன்னு அர்த்தம்."

"லோடு எறக்கிட்டு ரசீது வாங்குற மாதிரி."

"அதேதான்ப்பா! அதுக்கு அக்னாலட்ஜ்மென்ட்னு பேரு."

அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம் கேட்டார்: "அந்த ரசீதுப் புறா வழியில செத்துப்போச்சுன்னா?"

மறுநாள் இதை எங்கள் நெட்வொர்க்ஸ் சாரிடம் போய்க் கேட்டேன். "யாருப்பா கேட்டது இத?" என்றார்.


"எங்க அப்பா சார்."